"என்ஜோய் எண்டு பெரிசா அடிச்சுத் தாங்கோ"

பனரும் பெயர்ப்பலகையும் அடிக்கிற கடையில வேலை செய்யிற ஆளுக்கு ஊரில நடக்கப்போற கொண்டாட்டம் எல்லாம் ஒரு கிழமைக்கு முதலே தெரியும். ஒண்டுக்கும் போறதுக்கு மட்டும் நேரம் இருக்காது.

எங்கட கடை திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, இறங்குதுறைக்குப் போற வழியில இருக்கு. பனர், ஸ்டிக்கர், பட்ஜ், லமினேட்டிங் எண்டு எல்லாம் செய்யிறம். கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறது நான், ராகினி. காசுமேசையில இருக்கிறது முதலாளி. வாற சனம் முக்காவாசியும் கேக்கிறது தமிழில இல்லை. சந்தோசத்தைத் தமிழில எழுதினால் அது சந்தோசமாத் தெரியாது எண்டு ஒரு எண்ணம். என்ஜோய், ஃபன், பிளெஷர், ஜொலி, ஹப்பி எண்டு எங்கயோ காதில விழுந்ததை எல்லாம் கொண்டுவந்து என்ர மேசையில கொட்டுவினம். பிழையான இடத்தில பிழையான சொல்லைப் போட்டுத்தான் ஆகவேணும் எண்டு நிப்பினம்.

முதலாளிக்கு இதில ஒரேயொரு சட்டம்தான். "ராகினி, நீ எழுத்துப்பிழையைப் பார். கருத்துப்பிழை எங்கட சோலி இல்லை." சோலி எண்டால் இஞ்ச வேலை எண்டும் கருத்து, கரைச்சல் எண்டும் கருத்து. முதலாளி சொல்லுறது முதலாவதை. எனக்கு வந்து சேருறது எல்லாம் ரெண்டாவது.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிண்டு, "அப்பிடிச் சொல்லுறேல்லை அண்ணை" எண்டு சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டின சகோதர சகோதரிகளே, நீங்கள் எந்தக் கடையில நிண்டாலும் சரி, இது உங்களுக்குத்தான்.

முழங்கால் வரைக்கும்

குச்சவெளிப் பக்கம் கடற்கரையோட ஒரு விடுதி நடத்திற அண்ணை ஒருநாள் வந்தவர். சாப்பாட்டு மேசைக்கு 'என்ஜோய் யுவர் மீல்', அறைக் கதவுக்கு 'என்ஜோய் யுவர் ஸ்டே'. நல்லம், அடிச்சுக் குடுத்தன். பேந்து குளியலறைக்கு 'என்ஜோய் த கோல்ட் வோட்டர்' எண்டார். என்ன விசயம் எண்டு கேட்டால், சுடுதண்ணி மெசின் பழுதாம். "அதைத் திருத்தலாமே அண்ணை?" எண்டன். "திருத்திறதுக்குக் கொழும்பில இருந்து ஆள் வரவேணும். இதுக்கு நீங்கள் ஒராளே போதும்" எண்டார். என்னை மெச்சினாரோ, மெசினுக்குப் பதிலா வைச்சாரோ தெரியேல்ல.

கடைசியாக் கடலுக்குப் போற பாதைக்கு ஒரு பலகை. அந்த இடத்தில கால் வைச்சால் திடீரெண்டு ஆழமாம். உயிர் போற விசயமெல்லோ, நான் சிவப்பில, மூண்டு மொழியிலும் 'ஆபத்து' எண்டு அடிச்சு வைச்சன். மனுசன் அதைப் பாத்திட்டு, நான் ஏதோ அவற்ற மகளின்ர கலியாணத்துக்குக் கறுப்பில கார்ட் அடிச்சமாதிரி முழிச்சார். சிவப்பு வேண்டாமாம், பச்சையில 'என்ஜோய் அப் டு நீ' எண்டு போடட்டாம். முழங்கால் வரைக்கும் மட்டும் சந்தோசப்படுங்கோ, அதுக்கு மேல எங்கட பொறுப்பில்லை! அரை மணித்தியாலம் சண்டை பிடிச்சு, மேல என்ர ஆபத்து, கீழ அவற்ற என்ஜோய் எண்டு முடிச்சம். வாசலில நிண்டு திரும்பியும் ஒருக்கா என்னைப் பாத்துச் சொன்னார்: "ஆபத்து எண்டு போட்டால் ஒருத்தரும் வரமாட்டினம் தங்கச்சி. ஆக்களே வராட்டி ஆரைக் காப்பாத்திறது?"

போட்டுக்கு ஒரு போட்

"தங்கச்சி, போட்டுக்கு ஒரு போட் வேணும்." ரெலிபோனில வந்த குரல் அவ்வளவுதான். பின்னால காத்துச் சத்தம். எங்கட ஆக்களுக்குக் கடலில போறதும் போட், கடை வாசலில தொங்கிறதும் போட். "எந்தப் போட்டுக்கு அண்ணை, எந்தப் போட்?" எண்டன். "கடல் போட்டுக்குப் பலகை போட்! சப்பான் எஞ்சின் பூட்டின போட்!" எண்டு கத்தினார். நீங்களும் என்னைப்போலத் தலையைச் சொறியக்கூடாது எண்டதுக்காக, இந்தக் கதை முழுக்கக் கடலில போறதைப் போட் எண்டும் கரையில நிக்கிறதைப் பலகை எண்டும் எழுதுறன்.

குரலுக்குச் சொந்தக்காரர் லிகோரி அண்ணை. மீன்பிடிக்கிற மனுசன். தன்ர போட்டுக்கு மேல கூரை போட்டு, இருக்க வாங்கு வைச்சு, டொல்பின் பார்க்க வாற ஆக்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறதுக்கு வெளிக்கிட்டிருந்தார். அடுத்தநாள் மனுசி யசிந்தாவோட கடைக்கு வந்தவர். யசிந்தா பள்ளிக்கூடத்தில எனக்குக் கீழ் வகுப்பில படிச்சவ. "குடும்பமாக டொல்பின் பார்க்க வாருங்கள் எண்டு வடிவாத் தமிழில போடுவமே அண்ணை?" எண்டு கேட்டுப் பாத்தன். ஏலாதாம். கரையில நிக்கிற மற்றப் போட்டுகள் எல்லாத்திலும் இங்கிலீசில சந்தோசம் எழுதியிருக்காம், தான் மட்டும் தமிழில எழுதினால் மூதூருக்குச் சாமான் ஏத்திற வள்ளம் எண்டு நினைப்பினமாம். 'என்ஜோய் போட் றைட்ஸ்', அதில என்ஜோய் மட்டும் ஆள் உயரத்துக்கு இருக்கவேணுமாம். "சரி அண்ணை" எண்டன்.

பலகையை எங்க கட்டிக்கொண்டு போறதெண்டு பாக்க அவர் சைக்கிளடிக்குப் போன நேரம், யசிந்தா குரலைத் தாழ்த்தினவ. இந்த சீசனுக்கு ஆக்கள் ஏறாட்டி, போட்டை வித்துப்போட்டு இவர் கட்டாருக்குப் போறாராம். ஏஜென்சியில பாஸ்போர்ட்டையும் குடுத்திட்டாராம். "எத்தினை பேர் போகினம் யசிந்தா, போனால் உழைச்சுக்கொண்டு வருவார்தானே" எண்டு நானும் ஆறுதலுக்கு ஒரு கதை சொன்னன். அவவின்ர முகம் மாறிப்போச்சு. "என்ர அப்பாவும் போனவர். வருசத்துக்கு ஒருக்காப் பெட்டியோட வந்து இறங்கிற ஆளைத்தான் நான் அப்பா எண்டு கூப்பிட்டனான் அக்கா, என்ர பிள்ளையளுக்கு அது வேண்டாம்."

சோத்துப்பார்சல்

கலியாண மண்டபம் வைச்சிருக்கிற ஒரு ஐயா. வெளியில இருந்து சாப்பாடு கொண்டுவரக்கூடாது எண்டதுக்கு 'அவுட்சைட் ஃபூட் நொட் என்டர்டெயின்ட்' எண்டு எழுதித் தரச்சொன்னார். அதே பலகையில, அதுக்கு ஒரு அங்குலம் மேல, 'மியூசிக் என்டர்டெயின்மென்ட் அவைலபிள்'. ஐயா, இந்தச் சொல்லுக்கு மகிழ்விக்கிறது எண்டும் ஒரு கருத்து இருக்கு, வாசிக்கிற ஆள் குழம்பும், 'நொட் அலவ்ட்' எண்டு போடுவம் எண்டு தன்மையாத்தான் சொன்னன். தான் அரசாங்கக் கந்தோரில வேலை செய்த காலத்தில எத்தினையோ பேரின்ர விண்ணப்பத்தை என்டர்டெயின் பண்ணாமத் திருப்பி அனுப்பினவராம், எனக்கு இங்கிலீசு படிப்பிக்கிறார். முதலாளி காசுமேசையில இருந்து என்னைப் பாத்து வாயைப் பொத்திக்காட்டினார். பொத்தினன். ஐயாவும் மனமிரங்கி விளக்கம் தந்தார்: "பாட்டுக்காரரை என்டர்டெயின் பண்ணலாம் பிள்ளை, சோத்துப்பார்சலை ஏலாது."

போத்திலோட வந்தவை

லிகோரி அண்ணையின்ர பலகை கரையில ஏறி ரெண்டு கிழமை இருக்கும், மனுசன் கடைக்குள்ள வந்து கதிரையில தொப்பெண்டு இருந்தார். ஆக்கள் ஏறிச்சினமோ எண்டு கேட்டன். ஏறிச்சினமாம். எல்லாரும் போத்திலோட ஏறிச்சினமாம்.

இதை நான் முதலே சொல்லியிருக்கவேணும், ஆனால் ஆர் என்ர சொல்லைக் கேக்கிறது? எங்கட ஊரில 'என்ஜோய் பண்ணுறது' எண்டால் என்ன எண்டு உங்களுக்குத் தெரியும். 'பெடியள் என்ஜோய் பண்ணப் போயிட்டாங்கள்' எண்டு ஒரு தாய் சொன்னால், அவ பெருமைப்படேல்ல, கவலைப்படுறா. இங்கிலீசில அது நல்ல சொல். துறைமுகத்தில இறங்கி எங்கட வாய்க்குள்ள வந்தாப்பிறகு அது போத்திலும் பொரிச்ச மீனும். ஆள் உயரத்துக்கு என்ஜோய் எண்டு எழுதி வைச்சால் பின்ன ஆர் வருவினம்? கோயில் பஜனைக் கோஷ்டியோ?

நடுக்கடலில ஒருத்தன் டொல்பினுக்குப் பியர் ஊத்தப்போய்த் தண்ணிக்குள்ள விழுந்தவனாம். லிகோரி அண்ணை குதிச்சு இழுத்துப் போட்டிருக்கிறார். ரெண்டு பேரும் நனைஞ்சு வந்து இறங்கினதைக் கரையில நிண்டு பாத்த குடும்பக்காரர் எல்லாரும் பிள்ளையளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அடுத்த போட்டுக்குப் போயிட்டினம். குடிவெறியில நிண்டவங்களை இறங்கச் சொன்னதுக்கு, அவங்கள் பலகையைக் காட்டி நியாயம் கதைச்சிருக்கிறாங்கள். "என்ஜோய் எண்டு எழுதிப்போட்டுக் குடிக்காதேங்கோ எண்டால், அது சனத்தை ஏமாத்திற வேலை அண்ணை."

லண்டனில இருந்து ஒரு வசனம்

இதைச் சொல்ல எனக்கு இப்பவும் ஒருமாதிரித்தான் இருக்கு. பாலையூற்றில இருந்து ஒரு அக்கா வந்தவ. தகப்பன்ர முதலாம் ஆண்டு நினைவுக்கு பனர் வேணும். தகப்பன்ர படம் அவவின்ர கையில, வசனம் லண்டனில இருக்கிற தமையன்ர போனில. தமையன் இங்கிலீசில சொல்லச் சொல்ல நான் அடிச்சன்: 'எ மேன் ஹூ என்ஜோய்ட் லைஃப்'. வாழ்க்கையை அனுபவிச்ச மனுசன். லண்டனில அது செத்தவருக்குச் சொல்லுற பெரிய மரியாதையாம்.

அக்கா அதைக் கொம்பியூட்டரில எழுத்துக் கூட்டி வாசிச்சா. 'என்ஜோய்ட்' எண்ட இடத்தில நிண்டிட்டா. அப்பா ஒரு சொட்டுத் தொட்டதில்லை, சனம் என்ன நினைக்கும் எண்டு போனுக்குள்ள கத்தத் தொடங்கினவ. தமையன் அங்கயிருந்து, அது குடியில்லை, அதுக்கு வேற கருத்து, நீ ஏன் இப்பிடி விளங்காமக் கதைக்கிறாய் எண்டு கத்துறார். நடுவில நான் மவுசைப் பிடிச்சுக்கொண்டு, அழிக்கிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் இருக்கிறன். கருத்துப்பிழை எங்கட சோலி இல்லையாம்! அப்ப ஆரின்ர சோலி?

திடீரெண்டு அக்கா கத்திறதை நிப்பாட்டினா. தமையன் சொன்ன கருத்து அவவுக்கு விளங்கிப்போச்சு எண்டு நினைக்கிறன். கையில இருந்த தகப்பன்ர படத்தை என்ர மேசையில வைச்சா. பிறகு ஆறுதலாச் சொன்னவ: "அண்ணா, நீ சொல்லுற கருத்திலயும் அப்பா என்ஜோய் பண்ணேல்ல. எங்களுக்காக உழைச்சுப்போட்டுச் செத்தவர்."

மை பிரஷர்

ஒரு பெரிய ஹோட்டலுக்குப் புதுசா மனேச்சர் வந்தார். விருந்தாளி நன்றி சொன்னால் 'மை பிளெஷர்' எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லவேணும் எண்டு அவற்ற கட்டளை. வேலைக்காரர் வெக்கத்தில சொல்லினம் இல்லை எண்டு, எல்லாருக்கும் நெஞ்சில குத்திறதுக்கு 'மை பிளெஷர்' எண்டு பட்ஜ் அடிச்சுக் குடுத்தம். அடிக்கேக்கயே யோசிச்சன்: தோட்டத்துக்குத் தண்ணி விடுற மனுசன்ர நெஞ்சில அது என்னத்துக்கு?

ஒரு மாதம் கழிச்சு அங்க அறை துப்பரவாக்கிற ஒரு பிள்ளை கடைக்கு வந்தா. வேலை முடிஞ்சு பட்ஜைக் கழட்ட மறந்து பஸ்ஸில ஏறினதுதான் அவ செய்த குற்றம். பஸ்ஸில ஒரு அம்மா அதை 'மை பிரஷர்' எண்டு வாசிச்சு, இந்த வயசில உனக்குப் பிரஷரோ பிள்ளை எண்டு கட்டிப்பிடிச்சவவாம். அதுக்குப் பிறகு அந்தப் பஸ்ஸில இவவுக்கு எழும்பி இடம் குடுக்கினம், முருங்கையிலை கொண்டுவந்து மடியில வைக்கினம், உப்பைக் குறைக்கச் சொல்லினம். தனக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை எண்டு சொன்னால் 'வருத்தக்காரர் அப்பிடித்தான் சொல்லுவினம்' எண்டு இன்னும் ரெண்டு பேர் சேருகினமாம். வீட்டில கலியாணப் பேச்சு வேற நடக்குதாம், மாப்பிள்ளை வீட்டுக்காரரும் அதே பஸ்ஸாம். அழுவாரைப் போலக் கேட்டா: "அக்கா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை எண்டு தமிழில இன்னொரு பட்ஜ் அடிச்சுத் தருவீங்களே?"

முழுச் சோலி

லிகோரி அண்ணைக்கு வேற பலகை அடிக்கவேணும். ஆவணி லீவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த லீவுக்குச் சனம் ஏறினால் ஏறினது, இல்லாட்டிக் கட்டார். 'பிளெஷர் போட்' எண்டு போடுவமோ எண்டு அவர் கேட்டார். அதுக்கு யசிந்தா அவரைப் பாத்த பார்வையை நான் இஞ்ச எழுத ஏலாது. பலகையில என்ன போடுறதெண்டு பிறகு சொல்லுறன் எண்டிட்டுப் போனார். ரெண்டு நாள் கழிச்சுக் கடலுக்குள்ள இருந்து போன். எஞ்சின் போடுற சத்தத்தில ஒண்டும் விளங்கேல்ல. போட்டுக்குப் பெயர் கண்டுபிடிச்சிட்டாராம்.

நான் போனைப் பெருஞ்சத்தத்தில போட்டன், முதலாளியும் கேக்கட்டும் எண்டு. "சோலி போட்!" எண்டார். லிகோரி அண்ணைக்கு ஜ எழுத்து வாயில வராது. ஜப்பான் அவருக்குச் சப்பான், ஜீப் அவருக்குச் சீப். எனக்கு இது தெரியும். அதாலதான் திருப்பித் திருப்பிக் கேட்டன், "ஜொலியோ அண்ணை, சோலியோ? இங்கிலீசில ஜொலி எண்டு போடுறன், தமிழில எப்பிடி?" அவர் அந்தப் பக்கத்தால பூரிச்சுப்போய்க் கத்தினார்: "ஓம் ஓம், சோலிதான்! இங்கிலீசிலும் சோலி, தமிழிலும் சோலி! வாற சனத்துக்கு முழுச் சோலி!" அதோட லைன் கட்.

முதலாளி, அவர் சொல்லுறது ஜொலி, சோலி எண்டு அடிச்சால் கரைச்சல் போட் எண்டு வரும், காசு குடுத்து ஆர் கரைச்சலில ஏறுவினம், ஒருக்கா ஆள் கரைக்கு வரட்டும், கேட்டிட்டு அடிக்கிறன் எண்டு கெஞ்சினன். பின்னேரம் கொழும்புக்கு வெளிக்கிடவேண்டிய மனுசன் மணிக்கூட்டைப் பாத்தார். இப்பவே அடிச்சு லொறியில ஏத்து எண்டார். கஸ்டமர் ரெண்டுதரம் சொல்லிப்போட்டாராம், தன்ர காதால கேட்டவராம். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் சொல்லட்டாம். "சோலியில என்ன எழுத்துப்பிழை? அவற்ற போட், அவற்ற சோலி."

ரெண்டும்தான்

அண்டைக்கு இருந்த எரிச்சலில, புல்மோட்டையில இருந்து வந்த ஓட்டோக்காரத் தம்பியோட நான் கொஞ்சம் கடுமையாக் கதைச்சிட்டன். பின் கண்ணாடிக்கு 'வீ மேக் ஃபன் ஒஃப் யூ' எண்டு ஸ்டிக்கர் வேணுமாம், வெள்ளைக்காரருக்கு விளங்கட்டுமாம். தம்பி, உங்களைச் சந்தோசப்படுத்திறம் எண்டு நீர் நினைச்சுக் கொண்டிருக்கிறீர், உங்களை நக்கலடிக்கிறம் எண்டெல்லோ அதுக்குக் கருத்து எண்டு கத்தாத குறையாச் சொன்னன். தம்பி கோபிக்கேல்ல. வெள்ளைக்காரரை ஏத்திக்கொண்டு போகேக்க தானும் கூட்டாளியும் முன்னால இருந்து தமிழில கதைக்கிற கதையள் அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேணும். சிரிச்சுக்கொண்டு சொன்னார்: "பரவாயில்லை அக்கா, அப்பிடியே அடியுங்கோ. ரெண்டும்தான் நடக்குது."

மறைக்காதேங்கோ

பலகை போன அடுத்தநாள் காலமை யசிந்தா போன் எடுத்தவ. லிகோரி அண்ணை மேல பெரிய இங்கிலீசு எழுத்தில இருந்த ஜொலியைப் பாத்துச் சந்தோசப்பட்டு, பலகையைக் கரையில நட்டுப்போட்டு வந்திட்டார். கீழ இருக்கிற தமிழை வாசிச்சது யசிந்தாதான். "அக்கா, எங்களைச் சோலி எண்டு ஊருக்குக் காட்டிப்போட்டீங்களே" எண்டு சொல்லி விக்கி விக்கி அழுறா. முதலாளி கொழும்பில, அச்சு மெசினுக்கு மை முடிஞ்சு போச்சு, லீவு தொடங்கிற சனிக்கிழமை. கடையில கிடந்த ஸ்டிக்கர் துண்டில 'ஜொ' எண்டு வெட்டி எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினன். அந்த ஒரு எழுத்தை ஒட்டி மறைச்சால் காணும், சோலி ஜொலியாப் போகும்.

கரை முழுக்கச் சனம். லிகோரி அண்ணையின்ர போட் மட்டும் வெறுமையா ஆடிக்கொண்டு நிண்டது. அவர் அதில ஏறி இருந்து கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறார், யசிந்தா லைஃப் ஜக்கெட்டுகளை மடிச்சு மடிச்சு அடுக்கிறா, குலைச்சுப்போட்டுத் திரும்பவும் அடுக்கிறா. நான் ஒரு வாங்கில ஏறி ஸ்டிக்கரின்ர பின் பேப்பரை உரிச்சன். அப்ப பின்னால ஒரு குரல்: "தங்கச்சி, அதை மறைக்காதேங்கோ!"

மட்டக்களப்பில இருந்து வான் பிடிச்சு வந்த ஒரு பெரிய குடும்பம். முன்னால இடுப்பில கையை வைச்சுக்கொண்டு ஒரு அம்மா, பின்னால மருமக்கள், கைக்குழந்தையள், குமர்ப்பிள்ளையள். அம்மா கரையில இருந்த பலகை ஒவ்வொண்டையும் விரலால காட்டி வாசிச்சா. தன்ர மருமகன்மாரைப் பாத்து, அவையளுக்கும் விளங்கட்டும் எண்டு உரத்த குரலில தீர்ப்புச் சொன்னா: "என்ஜோய் எண்டு போட்டவன் குடிப்பான், ஃபன் எண்டு போட்டவன் போட்டை ஆட்டிக் காட்டுவான். கடலுக்குப் போறது கரைச்சல் எண்டு இந்த மனுசன் ஒராள்தான் உண்மையை எழுதியிருக்கு. பிள்ளையளை இதில ஏத்துங்கோ."

நோ என்ஜோய்

அந்த மட்டக்களப்புக் குடும்பம் பலகைக்கு முன்னால நிண்டு எடுத்த படம் எங்கெங்கயோ போனில சுத்தினதாம். யாழ்ப்பாணத்தாரும் வந்தினம், கனடாவில இருந்து லீவுக்கு வந்தவையும் வந்தினம். "சோலி எங்க நிக்குது?" எண்டு கேட்டுக் கேட்டு வந்து ஏறிச்சினம். என்ர கையில இருந்த 'ஜொ' காத்தில பறந்து போய் மணலில ஒட்டினதோட சரி.

லீவு முடிஞ்ச பிறகு லிகோரி அண்ணையும் யசிந்தாவும் கடைக்கு வந்தவை. இன்னொரு சின்னப் பலகை வேணுமாம், சோலிப் பலகைக்குக் கீழ தொங்கவிட. "நோ என்ஜோய் எண்டு அடிச்சுத் தாங்கோ தங்கச்சி" எண்டார். நான் தலையில கையை வைச்சன். அண்ணை, வெள்ளைக்காரர் பாத்தால் என்ன நினைப்பினம், சந்தோசப்படக்கூடாது எண்டெல்லோ கருத்து வரும், 'நோ அல்ககோல்' எண்டு போடுவம் எண்டன். அவர் கேக்கேல்ல. அல்ககோல் எண்டு போட்டால் பியர் அல்ககோலில சேராது எண்டு நியாயம் கதைப்பாங்களாம், அனுபவத்தில சொல்லுறாராம், என்ஜோய் எண்டு போட்டால்தான் எல்லாருக்கும் விளங்குமாம். முதல்தரமா நானும் ஓம் எண்டன். மனுசன் சொன்னதில எழுத்துப்பிழையும் இல்லை, கருத்துப்பிழையும் இல்லை. அடிச்சன், சிவப்பில.

பலகை காயுற நேரம் யசிந்தா ஹாண்ட்பாக்கைத் திறந்தவ. உள்ளுக்க இருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்தா. ஏஜென்சிக்குத் தானே போய், சண்டை பிடிச்சுத் திருப்பி வாங்கினவவாம். லிகோரி அண்ணை பக்கத்தில நிண்டு பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி நிலத்தைப் பாத்துக்கொண்டு சிரிக்கிறார். யசிந்தா அதைக் கவுண்டரில, எனக்கு முன்னால, சத்தம் கேக்க வைச்சா. எங்கட லமினேட்டிங் மெசினைக் காட்டிச் சொன்னவ: "அக்கா, இதை அப்பிடியே நாலு பக்கமும் ஒட்டி லமினேட் பண்ணித் தாங்கோ. இவர் இனித் திறக்கவே ஏலாத மாதிரி."

எத்தினையோ வருசமா இந்த ஊர் முழுக்க என்ஜோய் எண்டு அடிச்சு ஒட்டினவள் நான். ஆனால் என்ர கையால அடிச்சதுகளுக்குள்ள எனக்கே உண்மையாச் சந்தோசம் தந்தது அந்த 'நோ என்ஜோய்' ஒண்டுதான்.